பாக்டீரியா லிக்னினைத் தின்னுமா? தும்புத்தூள் குவியலுக்குள் நடப்பது

ஈத்தாமொழிப் பக்கம் சின்னதாக ஒரு தும்பு (தேங்காய் நார்) ஆலை நடத்துகிறீர்கள். ஆலைக்குப் பின்னால் தும்புத்தூள் வருஷக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. "லிக்னினைத் தின்னும் பாக்டீரியா, தெளித்தால் 15 நாளில் உரம்" என்று ஒருவர் ஒரு திரவத்தை விற்க வந்திருக்கிறார். பாக்டீரியா லிக்னினைத் தின்னும் என்பது உண்மையா, உண்மையென்றால் காயலில் மாதக்கணக்கில் ஊறிய கதம்பலிலிருந்து (தேங்காய் மட்டையிலிருந்து) தும்பு மட்டும் அழுகாமல் எப்படி வருகிறது, அந்தத் திரவத்துக்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் நுண்ணுயிரியல் படிக்கும் உங்கள் மகள் இதையே புராஜெக்டாக எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தின்னும். அதற்குக் காற்று வேண்டும், தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும், மாதங்கள் வேண்டும். 15 நாளில் முடியாது. ஏன் என்பது உங்கள் இரண்டாவது கேள்விக்குள்ளேயே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் லிக்னின் என்ன என்று தெரிய வேண்டும். மரத்தையும் நாரையும் விறைப்பாக நிற்க வைப்பது அதுதான். தாவரங்களில் செல்லுலோஸுக்கு அடுத்து அதிகம் இருப்பதும் அதுதான். மரங்களில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். தேங்காய்த் தும்பில் அதைவிட அதிகம், எடையில் 40 சதவீதத்தைத் தாண்டும். தும்புத்தூளில் சுமார் 30 சதவீதம். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் ஒரே மாதிரி கோத்துக்கோத்து நீண்ட சங்கிலி. எல்லா இணைப்பும் ஒன்றே, ஆகவே ஒரே வகை நொதி அதை நறுக்கிக்கொண்டே போகலாம். லிக்னின் அப்படியில்லை. கடலடித்துக் கரையில் ஒதுங்கிய பழைய வலைச் சிக்கலைப் பார்த்திருப்பீர்கள்: எங்கே எந்த முடிச்சு என்று ஒரு ஒழுங்கும் இருக்காது. லிக்னினும் அதுதான். மூன்று வகை ஆல்கஹால் மூலக்கூறுகள் செடிக்குள் உருவாகி, தாறுமாறாக ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு சில இடத்தில், கார்பனும் கார்பனும் நேராகப் பிடித்துக்கொண்ட பிணைப்பு சில இடத்தில். இதில் பீட்டா-ஓ-4 என்று சொல்லப்படும் ஈதர் பிணைப்புதான் பெரும்பாலும் பாதிக்கு மேல். பாக்டீரியா குறிவைப்பதும் முக்கியமாக இதைத்தான்.

அந்த மூன்று ஆல்கஹால்களில் ஒன்றின் பெயர் கோனிஃபெரில் ஆல்கஹால். நம் மாறாமலையில் விளையும் கிராம்பின் வாசனைக்குக் காரணமான யூஜினாலை, கிராம்பு மரம் இதே கோனிஃபெரில் ஆல்கஹாலிலிருந்துதான் செய்துகொள்கிறது. கீழே கடற்கரையில் உங்கள் தும்பை விறைக்க வைப்பதும், மேலே மலையில் கிராம்பு மணப்பதும் ஒரே மூலப்பொருளின் இரண்டு வேலைகள். எனக்கு இது ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

இனி காயலுக்கு வருவோம். மணக்குடிக் காயலிலும் மேற்கே ஏ.வி.எம். கால்வாய்ப் பக்கமும் கதம்பல் ஊறப்போடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வலையில் கட்டி, சேறு ஏற்றி, உப்புத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டால் ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை கிடக்கும். முதல் வாரங்களில் தண்ணீர் தேயிலைச் சாயம் ஏறி, நுரைத்து, குமிழி விடும். பிறகு அந்த அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட்டைக் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா மாற்றி வெளிவிடுவது. எடுத்துக் கல்லில் வைத்துக் கொட்டுவடியால் தட்டினால் தூள் கழன்று, பொன்னிறத் தும்பு இழையிழையாகப் பிரியும்.

அங்கே பாக்டீரியா கடுமையாக வேலை செய்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அது தின்றது பெக்டினை. தும்பு இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருந்த பசையை. கூடவே பாலிபீனால்கள் என்ற கரையக்கூடிய சாயப்பொருள்கள் தண்ணீரில் இறங்கிப் போயின. லிக்னினைத் தொடவே முடியவில்லை. காரணம், லிக்னினின் பெரிய மூலக்கூறை உடைக்கும் நொதிகள் எல்லாமே ஏறக்குறைய ஆக்சிஜனையோ, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையோ நம்பி இருப்பவை. காயல் சேற்றில் இரண்டும் கிடையாது. உடைந்து சிறிதான வளையத் துண்டுகள் கிடைத்தால் காற்றில்லாமல் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் முழு லிக்னினை அவற்றால் அசைக்க முடிவதில்லை. நம் தாத்தாக்கள் காயலைத் தேர்ந்தெடுத்தது பெக்டின் போக வேண்டும், தும்பு நிற்க வேண்டும் என்ற இரண்டுக்கும் சரியாகப் பொருந்துகிறது. அதே கதம்பல் விளையில் தென்னை மூட்டில் மழையும் வெயிலும் காற்றும் பட்டுக் கிடந்தால் சில வருஷத்தில் கைக்குள் நொறுங்கிவிடுகிறது. உங்கள் குவியலுக்கு வேண்டியது காயலில் நடக்கும் வேலைக்கு நேர் எதிரான வேலை.

லிக்னின் உடைப்பதில் பெயர் வாங்கியவை பாக்டீரியாக்கள் அல்ல, காளான்கள். மரத்தை வெளுக்க வைத்து மக்கச் செய்யும் வெண்ணழுகல் காளான்கள். அவற்றில் ஒன்றான ஃபனெரோகீட் கிரைசோஸ்போரியத்திலிருந்து லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதியை 1983இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன. அதன் பிறகு வெகுகாலம் எல்லார் கண்ணும் காளான் மேலேயே இருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஐடஹோவில் கிராஃபோர்டு குழுவினர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் விரிடோஸ்போரஸ் என்ற மண் பாக்டீரியா லிக்னினைத் துண்டாக்கிக் கரைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். அது லிக்னினை முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக எரிப்பதில்லை. ஓரளவு உடைத்து, அமிலம் விட்டால் கீழே படியும் பெரிய துண்டுகளாகத் தண்ணீரில் விடுகிறது.

பாக்டீரியா பக்கம் உறுதியான நொதிச் சான்று வந்தது 2011இல். ரோடோகாக்கஸ் ஜோஸ்டி ஆர்எச்ஏ1 என்ற பாக்டீரியா. ஜப்பானில் லிண்டேன் பூச்சிமருந்து கலந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதிலுள்ள டிப்-பி என்ற பெராக்சிடேஸ் லிக்னின் மேல் வேலை செய்கிறது என்று பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோதி பக், கனடாவின் லிண்ட்சே எல்டிஸ் ஆகியோரின் குழுக்கள் காட்டின. டிப் என்பது சாயம் நீக்கும் பெராக்சிடேஸ் குடும்பம். நடுவில் நம் ரத்தத்தில் இருப்பதைப் போலவே ஓர் ஹீம், அதன் நடுவில் இரும்பு. ஹைட்ரஜன் பெராக்சைடு வந்து இரும்பைத் தாக்கினால் நொதி எலக்ட்ரான் பசியோடு நிற்கும். பக்கத்தில் கிடைக்கும் பொருளிடமிருந்து ஒவ்வொன்றாக இரண்டு எலக்ட்ரான்களைப் பறிக்கும். டிப்-பி மாங்கனீசிடமிருந்தும் பறிக்கும். எலக்ட்ரானை இழந்த மாங்கனீசு சின்ன அயனி என்பதால் நொதி நுழைய முடியாத இடுக்குகளுக்குள்ளும் போய் லிக்னினைத் தாக்க முடியும். எலக்ட்ரானை இழந்த லிக்னின் நிலைகுலைந்து, தானாகவே ஒரு கார்பன் பிணைப்பில் முறிகிறது.

இரண்டாவது ஆயுதம் லாக்கேஸ் என்ற நொதி. இதில் நான்கு செம்பு அணுக்கள். இதற்குப் பெராக்சைடு வேண்டாம், காற்றிலுள்ள ஆக்சிஜனே போதும்; அதைத் தண்ணீராக்கிவிட்டு பீனாலிடமிருந்து எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் வித்து (ஸ்போர்) உறையிலேயே கோட்-ஏ என்ற லாக்கேஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல சூட்டையும் தாங்கும்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானில் காகிதக் கூழ் ஆலையின் கழிவுநீரிலிருந்து எடுத்த ஸ்ஃபிங்கோபியம் எஸ்ஒய்கே-6 என்ற பாக்டீரியா எலக்ட்ரானைப் பறித்து மூலக்கூறைக் குலைப்பதில்லை. அந்த பீட்டா-ஓ-4 பிணைப்பை மட்டும் குளுடாதையோன் என்ற சிறு மூலக்கூறின் துணையோடு நேராக வெட்டுகிறது. லிக்னின் தாறுமாறாக உருவாவதால் அதே பிணைப்பு இரண்டு ஆடிப்பிம்ப வடிவங்களில் கலந்து இருக்கும். ஒரு நொதிக்கு ஒரு வடிவம்தான் பொருந்தும். ஆகவே இந்தப் பாக்டீரியா லிக்-எஃப், லிக்-ஈ என்று இரு வடிவத்துக்கும் தனித்தனி நொதி வைத்திருக்கிறது. ஆனால் இந்த வேலை செல்லுக்கு உள்ளே நடப்பது. உள்ளே போகும் அளவுக்குச் சின்னதாக நறுக்கப்பட்ட துண்டுதான் அதற்கு உணவு.

இங்கேதான் விற்பனைப் பேச்சில் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. லாக்கேஸும் பெராக்சிடேஸும் லிக்னினை உடைக்க மட்டும் செய்வதில்லை. எலக்ட்ரானை இழந்த இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மறுபடி பிணைந்துகொள்ளும். சில நேரம் முன்பைவிடப் பெரிய மூலக்கூறாகவும் ஆகும். செடி முதலில் லிக்னினைக் கட்டியதே இதே வேதியியலால்தான். உடைந்த துண்டை உடனுக்குடன் உள்ளே இழுத்துத் தின்று தீர்க்கும் உயிருள்ள பாக்டீரியா கூட்டம் இருந்தால்தான் கணக்கு உடையும் பக்கம் சாயும். உள்ளே போன துண்டு வனிலின், வனிலிக் அமிலம் என்று மாறி, புரோட்டோகேட்டகுவிக் அமிலமாகி, அந்த அறுகோண வளையம் ஆக்சிஜனால் திறக்கப்பட்டு, கடைசியில் செல்லின் எரிபொருளாகிறது. வளையத்தைத் திறக்கவும் ஆக்சிஜன்தான். எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் காற்று வந்து நிற்கிறது.

வனிலின் என்றதும் ஐஸ்கிரீம் வாசனை ஞாபகம் வரும். அதேதான். 2013இல் வார்விக் குழுவினர் ரோடோகாக்கஸில் வனிலினைத் தின்னும் ஜீனை மட்டும் நீக்கிவிட்டுக் கோதுமை வைக்கோலில் வளர்த்தார்கள். வனிலின் தேங்கியது, லிட்டருக்கு 96 மில்லிகிராம் வரை. சூடோமோனாஸ் புட்டிடா என்ற இன்னொரு மண் பாக்டீரியாவை வைத்து லிக்னின் துண்டுகளை மியூக்கோனிக் அமிலமாக்கி, அங்கிருந்து நைலான் செய்யும் அடிபிக் அமிலத்துக்குப் போகும் வேலை அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் நடந்திருக்கிறது. இவை கட்டுப்படுத்திய தொட்டிகளில் நடப்பவை. உங்கள் கொல்லையில் இதை எதிர்பார்க்க வேண்டாம். அறிவியல் நிற்கும் இடம் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

சரி, கொல்லைக் குவியல். ஒரு பழைய குவியலை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். மேலே நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த செந்தூள், எதுவும் நடக்கவில்லை. அதற்குக் கீழே ஈரமும் சூடும் உள்ள பகுதியில், சாம்பல் தூவிய மாதிரி வெள்ளையாக ஒரு படலம் இருந்தால் அது பெரும்பாலும் ஆக்டினோமைசீட்ஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸின் சொந்தக்காரர்கள். முகர்ந்தால் முதல் மழை மண்வாசனை வரும். அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டிய இடம். இன்னும் ஆழத்தில், அடியில், சப்பென்று நசுங்கி நனைந்து புளித்த நாற்றம் அடித்தால் அங்கே காற்றில்லை; அங்கே நடப்பது காயல் வேலை.

சூடேறிய குவியலில் பாக்டீரியாவுக்கு ஒரு தனி லாபம் உண்டு. 50 டிகிரி தாண்டினால் வெண்ணழுகல் காளான்கள் பெரும்பாலும் ஒடுங்கிவிடும். தெர்மோபிஃபிடா போன்ற வெப்பம் விரும்பும் ஆக்டினோமைசீட்ஸ் அப்போதும் வேலை செய்யும். தழைச்சத்திலும் வேறுபாடு இருக்கிறது. முன்னே சொன்ன ஃபனெரோகீட் காளான் தழைச்சத்துப் பஞ்சம் வந்தால்தான் லிக்னினைத் தொடும்; ஸ்ட்ரெப்டோமைசிஸோ நன்றாக வளரும் காலத்திலேயே உடைக்கும். அதனால் பாக்டீரியாவை நம்பி வேலை செய்கிறீர்கள் என்றால் தழைச்சத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாது.

தும்புத்தூளின் சிக்கலே அங்கேதான். கார்பன், தழைச்சத்து விகிதம் சுமார் 112க்கு 1. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருஷமாகச் சொல்லிவரும் முறையில் ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் விதையும் அடுக்கடுக்காகப் போடச் சொல்கிறார்கள். மக்கி முடிந்ததும் விகிதம் 24க்கு 1 என்ற அளவுக்கு வரும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆக 5 கிலோவில் 2.3 கிலோ, தூளில் ஏற்கெனவே இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. போட்ட உடனே விகிதம் பாதியாகும், மீதி இறக்கம் கார்பன் எரிந்து போவதால் வருவது. அந்த எரிதலுக்குத்தான் காற்றும் காலமும். யூரியாவுக்குப் பதில் கோழி எரு, சாணம், கிளைரிசிடியா தழை எதுவும் போடலாம். மீன் கழிவும் நல்ல தழைச்சத்துதான். ஆனால் தூளுக்கு நடுவே ஆழமாகப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம்.

திரவம் விற்பவர் பொய்ப் பாக்டீரியா விற்கிறார் என்று நான் சொல்லவில்லை. போத்தலில் நல்ல பேசில்லஸ் இருக்கலாம். வித்தாக உறங்கி வெயிலில் கிடந்தாலும் தாங்கும். ஆனால் உங்கள் பழைய குவியலின் வெள்ளைப் படலத்தில் இருப்பவை அதே தூளில், அதே உப்பில், அதே பாலிபீனாலில் பழகியவை. அதில் ரெண்டு கூடை எடுத்துப் புதுக் குவியலில் கலந்தால் அதைவிட நல்ல விதை எனக்குத் தெரியாது, செலவும் இல்லை. 15 நாளில் தூள் கறுத்துக் குறைந்ததைக் காட்டினால் ஏமாற வேண்டாம். அதில் போனது பெரும்பாலும் எளிதில் கரையும் சர்க்கரைகளும் ஹெமிசெல்லுலோஸும். கறுப்பு நிறம் லிக்னின் தீர்ந்ததற்கு அடையாளம் அல்ல. திரவத்துக்கு வைத்த காசை, பத்து நாளைக்கு ஒருமுறை குவியலைப் புரட்டிப்போடும் ஆள் கூலிக்குக் கொடுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு இன்னொரு தனிக் கவலை, மழை. தென்மேற்கும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும். தும்புத்தூள் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நனைந்த குவியலுக்குள் காற்று போகாது. நாலடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். ஓலைக்கூரையோ ஷீட்டோ போட்டு மழைநீரைத் தள்ளிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. முதலில் தூளை நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசினால் உப்பும், பாக்டீரியாவைத் தடுக்கும் பாலிபீனாலும் குறையும். அந்தச் சாயத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ குளத்துக்கோ விடாதீர்கள். அதிலுள்ள பீனால் மீனுக்கும் ஆகாது. காயலில் கதம்பல் அழுகிய இடங்களில் மீன்வளம் என்ன ஆனது என்று வலைபோடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் மகளின் புராஜெக்ட்: தாராளமாகச் செய்யலாம், நல்ல தலைப்பு. வெள்ளைப் படலப் பகுதியிலிருந்து மாதிரி எடுத்து, உப்புகள் மட்டும் உள்ள ஊடகத்தில் காரலிக்னினை (காரத்தில் கரைத்துப் பிரித்த லிக்னினை) ஒரே கார்பன் உணவாகக் கொடுத்து, குலுக்கும் கருவியில் வைத்துச் செறிவூட்டட்டும். பிறகு அகார் தட்டில் பரப்பி, அஷ்யூர்-பி அல்லது மெத்திலீன் புளூ சேர்த்த தட்டில் நீலம் கலைந்து வெளிறும் வளையத்தையும், குயாகால் சேர்த்த தட்டில் செம்பழுப்பாகும் வளையத்தையும் பார்க்கலாம். முதலாவது பெராக்சிடேஸ் பக்கம் கை காட்டும், இரண்டாவது லாக்கேஸ் பக்கம். பல அறிக்கைகள் அங்கேயே "லிக்னின் சிதைக்கும் பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது" என்று முடிந்துவிடுகின்றன. அது போதாது. சாயம் வெளிறுவது சாயம் வெளிறியதற்குத்தான் சாட்சி. சில பாக்டீரியா சாயத்தைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொண்டாலும் தட்டு வெளிறும். கடையில் வாங்கும் காரலிக்னினில் கலந்திருக்கும் சின்னத் துண்டுகளையும் சர்க்கரையையும் தின்றே சில வளர்ந்துவிடும்.

ஆகவே கடைசியில் தும்புத்தூளிலேயே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 72 சதவீதக் கந்தக அமிலத்தில் சர்க்கரைகளையெல்லாம் கரைத்துவிட்டு மிஞ்சுவதை எடைபோடும் கிளாசன் முறை கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்யக்கூடியதுதான். இதில் நம்மூருக்கு ஒரு பொறி இருக்கிறது. ஈத்தாமொழித் தூளில் கடற்கரை மணல் கலந்திருக்கும். அமிலம் மணலைக் கரைக்காது, அதுவும் லிக்னின் கணக்கில் ஏறிவிடும். மிஞ்சியதை எரித்துச் சாம்பல் எடையைக் கழிக்க வேண்டும். இன்னொன்று, சதவீதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. 100 கிலோ உலர்ந்த தூளில் 30 கிலோ லிக்னின் என்று வையுங்கள். மக்கிய பின் மொத்தம் 60 கிலோ, அதில் லிக்னின் 40 சதவீதம். சதவீதம் ஏறியிருக்கிறது; ஆனால் லிக்னின் 24 கிலோதான், 6 கிலோ போயிருக்கிறது. தொடக்க எடையைக் குறிக்காமல் விட்டால் இந்த 6 கிலோ கண்ணிலேயே படாது.

தொட்டிகள் வைக்கும்போது ஒன்றில் பாக்டீரியாவும் யூரியாவும், ஒன்றில் யூரியா மட்டும், ஒன்றில் அதே பாக்டீரியா கரைசலைக் கொதிக்கவைத்துக் கொன்று ஊற்றியதும் யூரியாவும், ஒன்றில் வெறும் தூள். மூன்றாவது தொட்டியை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கரைசலோடு போகும் சத்தும் ஈரமும் என்ன செய்தன என்பதை அதுதான் பிரித்துக் காட்டும். எல்லாத் தொட்டியையும் ஒரே நாளில், ஒரே மாதிரி புரட்ட வேண்டும். இடமிருந்தால் விற்க வந்தவரின் திரவத்தை ஒரு லிட்டர் மட்டும் வாங்கி ஐந்தாவது தொட்டியில் ஊற்றச் சொல்லுங்கள், மூன்று மாதம் விட்டு எடை போடட்டும்.